கணிப்பொறிக்குப் பொருத்தம் பார்த்தல்

மலிவு வேறு, சிக்கனம் வேறு. கையில் உள்ள பணத்துக்குக் கிடைத்ததை வாங்குவது மலிவு. வாங்கும் ஒவ்வொரு பொருளும் மற்றொரு பொருளுக்கு உதவுமாறு பார்த்து வாங்குவது சிக்கனம். உறுப்பு உறுப்பாக வாங்கி, மேசைக் கணிப்பொறி ஒன்றைத் தாமே அமைத்துக்கொள்ள எண்ணும் மாணவர்க்கு இவ்வேற்றுமை முதலில் விளங்குதல் வேண்டும்.

ஆண்டுதோறும் நம் சங்கத்து நண்பர் சிலர் இம்முயற்சியில் இறங்குகின்றனர். ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியில் தம் முறை வரும்வரை காத்திருக்க இயலாதவர் சிலர். இரவு முழுவதும் ஓடவேண்டிய கணக்கை மடிக்கணினியில் ஓட்டி, அது கொதிப்பதைக் கண்டு அஞ்சியவர் சிலர். இவர்கள் கொண்டுபோகும் பணம் ஊரிலிருந்து தந்தையார் அனுப்பியதாக இருக்கும். அன்றேல் உதவித்தொகையில் பல மாதம் மிச்சம் பிடித்ததாக இருக்கும். டில்லி நேரு பிளேசில் ஆயினும் வேறு எந்தக் கடைத்தெருவில் ஆயினும், உறை கிழித்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது எளிதன்று. மேலும், நம்மவருள் புதிதாக வந்தவர்க்கு இந்தி தடுமாறும். "இது அதனோடு சேருமா?" என்று எப்படியோ கேட்டுவிட்டால், "சல் ஜாயேகா" என்று விடை வருகிறது. ஓடிவிடும் என்பது அதன் பொருள். அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால், முழு வேகத்தில் ஓடுமா, பாதி வேகத்தில் ஓடுமா, எத்தனை நாள் ஓடும் என்பவற்றுக்கு அவ்விரு சொற்களில் விடை இல்லை.

இதற்கு மருந்து, வாங்கவேண்டிய ஒவ்வொன்றின் மாடல் எண்ணையும் எழுதிய ஒரு தாள். மாடல் எண் எல்லா மொழிக்கும் பொது. அத்தாளைத் தயாரிக்கும் முறையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். விலைகளை நான் எழுதவில்லை; இதழ் அச்சேறுமுன் அவை மாறிவிடும்.

திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். அவற்றுள் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லையேல் மற்ற ஒன்பதும் இருந்தும் பயனில்லை என்பாரும் உளர். சாதகத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கணிப்பொறிக்குப் பார்க்கவேண்டியவை ஏழு பொருத்தங்கள். ஏழும் எவரும் தாமே சரிபார்க்கக் கூடியவை. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பெயரைக் கண்டு மயங்கற்க

பொருத்தம் பார்க்குமுன் ஓர் எச்சரிக்கை. "ஐ7 பிராசஸர், 16 ஜி.பி. ராம், மிகக் குறைந்த விலை" என்னும் விளம்பரங்களை நாம் காண்கிறோம். ஐ7 என்பது குடும்பப் பெயர் போன்றது. வயதை அது சொல்லாது. இன்டெல் நிறுவனத்தின் ஐ7-2600 என்பது 2011ஆம் ஆண்டில் வந்தது. அதில் 4 கோர்கள் உள்ளன. ஒரே சமயத்தில் 8 வேலைத் தொடர்களை நடத்தும். 2022இல் வந்த ஐ3-12100 என்பதிலும் 4 கோர்கள், 8 தொடர்களே. எனினும், கணக்கிடும் வேகத்தில் பின்னது முன்னதை வெகுவாக மிஞ்சிவிடும். பழையது டி.டி.ஆர். 3 வகை ராமை ஏற்பது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர் பட்டியலில் அது இல்லை. ஐ7 என்று கேட்டவுடன் தலையசைக்காமல், அதன்பின் வரும் எண்ணையும் கேட்க வேண்டும். எண்ணைச் சொல்லத் தயங்கும் கடையில் பொருள் வாங்காதிருப்பதே நன்று.

1. சாக்கெட்

பிராசஸர், மதர்போர்டில் அமரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். கணிப்பொறியின் ரஜ்ஜுப் பொருத்தம் இதுவே. இது தவறினால் பிராசஸர் உட்காரவே உட்காராது.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் பிராசஸர்கள் 2017இல் வந்தபோது ஏ.எம்.4 என்னும் சாக்கெட்டில் அமர்ந்தன. பிராசஸரின் அடியில் 1331 ஊசிகள். மதர்போர்டில் அவற்றுக்கு ஏற்ற துளைகள். 2022இல் ஏ.எம்.5 வந்தது. அதில் ஊசிகள் மதர்போர்டின் பக்கம் மாறிவிட்டன; எண்ணிக்கை 1718. ஆகவே ஒன்றற்கு உரியது மற்றொன்றில் அமராது. இன்டெல் 2020இல் எல்.ஜி.ஏ. 1200, 2021இல் எல்.ஜி.ஏ. 1700, 2024இல் எல்.ஜி.ஏ. 1851 என்று அடுத்தடுத்து மாற்றியது. இங்கே வரும் எண் ஊசிகளின் தொகையாகும்.

எந்தச் சாக்கெட் என்று முடிவு செய்தவுடன் பாதிப் பட்டியல் தானே அமைந்துவிடும். ராமின் வகையும், மதர்போர்டின் வரிசையும், பின்னாளில் வேறு பிராசஸர் மாற்றும் வாய்ப்பும் அதனைத் தொடர்ந்தே வருகின்றன. ஏ.எம்.4 சாக்கெட்டில் 2017இன் பிராசஸரை வைத்திருந்தவர் பலர், மதர்போர்டை மாற்றாமலே பின்வந்த பிராசஸர்களுக்கு மாறினர். எல்.ஜி.ஏ. 1200 வாங்கியவர்க்கு அவ்வாய்ப்பு இரண்டு தலைமுறைகளோடு முடிந்தது.

2. பயாஸ்

துளை ஒத்திருந்தால் போதுமா? போதாது. மதர்போர்டில் ஒரு சிறு சில்லில் பயாஸ் என்னும் நிரல் குடியிருக்கிறது. மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் விழிப்பது அதுவே. தனக்கு அறிமுகம் இல்லாத பிராசஸரைக் கண்டால் அது வேலையைத் தொடங்காது; திரை இருண்டே கிடக்கும். உறுப்புகள் எல்லாம் நல்லவை. ஆயினும் பொறி ஓடாது.

எடுத்துக்காட்டாக, பி450 சிப்செட் கொண்ட மதர்போர்டுகள் 2018இல் வந்தவை. ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில் வந்தது. சாக்கெட் ஒன்றே. ஆனால், கடையில் நெடுநாள் உறங்கிய பி450 மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்த பின்னரே 5000 வரிசை ஓடும். சில மதர்போர்டுகளில் பிராசஸர் இல்லாமலே ஒரு பென்டிரைவ் கொண்டு பயாஸைப் புதுப்பிக்கும் வசதி உண்டு. இல்லாதவற்றில், முந்திய பிராசஸர் ஒன்றை இரவல் பெற்றுத்தான் செய்ய வேண்டும். பெட்டியின்மேல் "ரைசன் 5000 ரெடி" என்னும் ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பார்க்க. இல்லையேல் பணம் கொடுக்குமுன் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்க.

இன்டெலிலும் ஒரு பாடம் உண்டு. 2015இல் வந்த ஆறாம் தலைமுறைக்கும், 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் எண் 1151தான். இருந்தும் ஆறாம் தலைமுறைக்கு எழுந்த மதர்போர்டுகள் எட்டாம் தலைமுறையை ஏற்றுக்கொள்ளவில்லை. எண் ஒத்தது, பொருத்தம் இல்லை. ஆதலின், மதர்போர்டைச் செய்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் "சி.பி.யு. சப்போர்ட் லிஸ்ட்" என்னும் பட்டியலைத் திறந்து, நாம் வாங்கும் பிராசஸரின் பெயரும் அதற்கு வேண்டிய பயாஸின் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுதல் வேண்டும். ஐந்து நிமிட வேலை இது.

3. திரை

சில பிராசஸர்களுக்குள்ளேயே படத்தைத் திரைக்கு அனுப்பும் பகுதி அமைந்திருக்கும், சிலவற்றில் இராது. இராதவற்றுக்குத் தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்கியே தீர வேண்டும். இதனை அறிய ஓர் எழுத்து உதவுகிறது. இன்டெல் பெயரின் இறுதியில் "எஃப்" என்று வந்தால் அப்பகுதி இல்லை: ஐ3-12100இல் உண்டு, ஐ3-12100எஃப் என்பதில் இல்லை. ஏ.எம்.4 ரைசனில் "ஜி" என்று வந்தால் உண்டு: 5600ஜி என்பதில் உண்டு, வெறும் 5600இல் இல்லை. எஃப் வகை சற்று விலை குறைந்தது. அந்தச் சிறு தொகையை மிச்சம் பிடித்து வந்தவர், விடுதி அறையில் இருண்ட திரையின் முன் அமரும்போது, அதைப் போலப் பன்மடங்கு கொடுத்துக் கார்டு வாங்க நேரும்.

கிராபிக்ஸ் கார்டு யாருக்கு வேண்டும்? கட்டுரை எழுதுவோர்க்கும், பைத்தானில் தரவுகளை ஆராய்வோர்க்கும், எண்கணிப்பு நிரல்களைப் பிராசஸரிலேயே ஓட்டுவோர்க்கும் வேண்டா. தம் நிரலுக்கு "கூடா" தேவை என்று அறிந்தவர்க்கு வேண்டும். கூடா ஓடுவது என்விடியா கார்டுகளில் மட்டுமே என்பதை அவர்கள் மறத்தலாகாது.

பழைய மானிட்டர் வாங்குவோர், அதன் பின்புறத் துளையையும் பார்க்க. வி.ஜி.ஏ. மட்டும் உள்ள மானிட்டரை எச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ள மதர்போர்டில் இணைக்க வெறும் கம்பி போதாது. சமிக்ஞையை மாற்றும் கருவி இடையில் வேண்டும்.

4. ராம்

டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 இரண்டிலும் 288 தொடுமுனைகளே உள்ளன. ஆனால், நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நுழையாது. வலிந்து அழுத்துவோர் மதர்போர்டை இழப்பர். ஏ.எம்.4 என்றால் டி.டி.ஆர். 4, ஏ.எம்.5 என்றாலும் எல்.ஜி.ஏ. 1851 என்றாலும் டி.டி.ஆர். 5. எல்.ஜி.ஏ. 1700 மட்டும் இரு வகைக்கும் இடம் கொடுத்தது. அங்கே எவ்வகை என்பது மதர்போர்டைப் பொறுத்தது. ஒரே மாதிரியான பெயருடைய இரு மதர்போர்டுகளில் "டி4" என்னும் சிறு குறிப்பே வேற்றுமை காட்டுவதும் உண்டு. மடிக்கணினிக்கு உரிய ராம் குட்டையானது. மேசைக் கணிப்பொறியில் பொருந்தாது.

16 ஜி.பி. வேண்டுமெனில், ஒரே 16ஐ விட இரண்டு 8களை வாங்குவது மேல். பிராசஸரிலிருந்து ராமுக்கு இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று மட்டும் செருகினால் ஒரு பாதை வெறுமனே கிடக்கும். கிராபிக்ஸ் பகுதி உள்ளேயே அமைந்த பிராசஸர், படத்துக்கும் இதே ராமைப் பயன்படுத்துவதால் அதற்கு இவ்விரு பாதைகளும் மிக வேண்டியவை. நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டில், பிராசஸரிலிருந்து எண்ணினால் பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும் முதலில் நிரப்ப வேண்டியவை. பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பை ஒருமுறை இயக்கினால்தான் சில ராம்கள் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடும்.

5. எஸ்.எஸ்.டி.

எம்.2 என்னும் வடிவில் வரும் எஸ்.எஸ்.டி. ஒரு சூயிங்கம் துண்டைப் போல இருக்கும்: அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் பெரும்பாலும் 80. இதனாலேயே 2280 என்கின்றனர். ஆனால், ஒரே வடிவத்துக்குள் இரு வேறு சாதிகள் உள்ளன. சாட்டா வகை நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டுகளைப் படிக்கும். என்.வி.எம்.இ. வகை, பி.சி.ஐ.இ. மூன்றாம் தலைமுறையில் 3500 அளவும், நான்காம் தலைமுறையில் 7000 அளவும் படிக்கும். மதர்போர்டின் துளை எவ்வகையை ஏற்கும் என்பதை அதன் கையேட்டில் காண்க. சில மதர்போர்டுகளில் எம்.2 துளையைப் பயன்படுத்தினால், சாட்டா இணைப்புகளில் ஒன்றிரண்டு செயலற்றுப் போகும். அதுவும் கையேட்டில் இருக்கும்.

"சல் ஜாயேகா" என்பதன் உட்பொருளை இங்கே நன்கு காணலாம். 5600ஜி பிராசஸர் பி.சி.ஐ.இ. மூன்றாம் தலைமுறையோடு நிற்பது. அதனோடு நான்காம் தலைமுறை எஸ்.எஸ்.டி. வாங்கினால் ஓடும், ஆனால், ஏறத்தாழப் பாதி வேகத்தில் ஓடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மிகுதியாகக் கொடுத்த பணம்தான் உறங்குகிறது.

6. மின்சாரம்

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை உறுப்புகளுக்கு ஏற்ற சிறு வோல்ட்டுகளாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். நம்மவர் பணத்தைக் குறைக்க முனையும்போது முதலில் கைவைப்பது இதில்தான். யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை இது. இது கெட்டால் தான் மட்டும் கெடாமல் மற்ற உறுப்புகளையும் உடன் கொண்டுபோகக் கூடும்.

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்ட வாட்டை நம்ப வேண்டா. பக்கவாட்டில் உள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்னும் பத்தியைப் பார்க்க. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது பெரும்பாலும் அதிலிருந்தே. அங்கே 36 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 36 = 432 வாட். பெட்டியில் 450 என்று எழுதி, அட்டவணையில் 16 ஆம்பியர் மட்டும் காட்டினால், உண்மையில் கிடைப்பது 192 வாட். பள்ளிச் சிறுவன் போடும் பெருக்கல் இது. ஆயினும் போட்டுப் பார்ப்பவர் சிலரே.

நமக்கு எவ்வளவு வேண்டும்? 65 வாட் என்று குறித்த ஏ.எம்.4 ரைசன், உச்ச வேலையில் 88 வாட் வரை எடுக்கலாம். மற்ற உறுப்புகளுக்கு 50 என்று தாராளமாக வைத்தாலும் 140ஐ ஒட்டியே நிற்கும். பின்னாளில் 130 வாட் அளவுள்ள ஒரு கார்டு சேர்த்தாலும் 270. ஆகவே நேர்மையான 450 வாட் போதும், 750 வீண். "80 பிளஸ்" என்னும் சான்று, சோதித்த சுமைகளில், எடுத்த மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காடு பயனாகிறது என்பதற்கு அடையாளம். சான்றோடு உத்தரவாத ஆண்டுகளையும் பார்த்து வாங்குக.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பிராசஸருக்குச் செல்லும் 8 முனைக் கம்பியும், கிராபிக்ஸ் கார்டுக்குச் செல்லும் 8 முனைக் கம்பியும் உடன்பிறந்தவை போல் தோன்றும். உள்ளே மின்னோட்ட அமைப்பு வேறு. மேலே எழுதியிருப்பதைப் படித்தே செருகுக. கழற்றி மாட்டும் கம்பிகள் கொண்ட எஸ்.எம்.பி.எஸ். ஒன்றன் கம்பியை வேறொன்றில் ஒருபோதும் மாட்டற்க.

7. கேபினட்

மதர்போர்டுகளின் அளவு வரையறுக்கப்பட்டது: ஏ.டி.எக்ஸ். 305 × 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244 × 244, மினி ஐ.டி.எக்ஸ். 170 × 170. பெரிய கேபினட்டில் சிறிய மதர்போர்டு அமரும்; மறுதலை நடவாது. கார்டின் நீளத்தையும், பிராசஸரின்மேல் வைக்கும் கூலரின் உயரத்தையும் கேபினட்டின் அளவுகளோடு ஒப்பிடுக. பிராசஸரைப் பெட்டியில்லாமல் "டிரே" என்று விற்றால், கூலர் அதனோடு வாராது. அச்செலவையும் சேர்த்துக் கணக்கிடுக.

மே மாதத்தில் டில்லியின் வெயில் 40 பாகையைத் தாண்டும் என்பதை நாம் அனைவரும் அனுபவித்து அறிவோம். வண்ண விளக்குகளும் கண்ணாடி முகப்பும் உள்ள கேபினட்டை விட, முகப்பில் வலையும் காற்றாடியும் உள்ள எளிய கேபினட் நமக்கு ஏற்றது.

ஒரு மாதிரிப் பட்டியல்

மேற்கூறியவற்றைச் சேர்த்துப் பார்ப்போம். தேவை: கட்டுரை, பைத்தான், நடுத்தரக் கணிப்புகள். கார்டு வேண்டா, ஆகவே ரைசன் 5 5600ஜி, 6 கோர்கள், பெட்டியோடு, கூலரோடு. சாக்கெட் ஏ.எம்.4, ஆகவே பி550 சிப்செட் கொண்ட மைக்ரோ ஏ.டி.எக்ஸ். மதர்போர்டு, பயாஸ் புதியதா என்று கேட்டு வாங்கியது. ஆகவே டி.டி.ஆர். 4, 3200 வேகம், இரண்டு 8 ஜி.பி. பிராசஸர் மூன்றாம் தலைமுறையோடு நிற்பதால் அதே தலைமுறை என்.வி.எம்.இ. 500 ஜி.பி. மின்சாரம் 450 வாட். கேபினட் மைக்ரோ ஏ.டி.எக்ஸ்.

இப்பட்டியலையே வாங்குக என்று நான் சொல்லவில்லை. இன்று விலை குறைந்தது நாளை ஏறலாம். ஒரு பொருள் கடையிலேயே இல்லாமற் போகலாம். இதில் "ஆகவே" என்னும் சொல் எத்தனை முறை வருகிறது என்று பார்க்க. ஒவ்வொரு உறுப்பும் முந்தியதன் விளைவாக வந்துள்ளது. உங்கள் பட்டியலில் அச்சொல்லை எழுத முடியாத இடம் எதுவோ, அங்கேதான் பணம் வீணாகிறது.

கடையிலும் அறையிலும்

கடைக்காரர் மாற்றுப் பொருள் ஒன்றைக் காட்டினால், அதன் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, வெளியே வந்து ஏழு பொருத்தமும் பார்த்தபின் உள்ளே செல்க. நாணப்பட ஒன்றும் இல்லை. ஊசிகள் மதர்போர்டில் உள்ள சாக்கெட் ஆனால், மூடியைத் திறக்கச் சொல்லி, ஊசிகள் வளையாமல் வரிசையாக நிற்கின்றனவா என்று கடையிலேயே பார்க்க. வளைந்த ஊசிக்கு உத்தரவாதம் கேட்டுப் பெறுவது கடினம். ரசீதில் ஒவ்வொரு பொருளின் தொடர் எண்ணும் இருத்தல் வேண்டும்.

அறைக்கு வந்தவுடன் எல்லாவற்றையும் கேபினட்டில் திருகிவிடாதீர்கள். மதர்போர்டின் அட்டைப் பெட்டிமேலேயே அதனை வைத்து, பிராசஸர், கூலர், ராம், மின்கம்பிகள் மட்டும் பூட்டித் திரையில் எழுத்து வருகிறதா என்று பார்க்க. வந்தபின் கேபினட்டில் ஏற்றலாம். குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறப்பதை இங்கு வந்தபின் கண்டிருப்பீர்கள். அந்தப் பொறியே ஒரு சில்லைக் கெடுக்கப் போதுமானது. ஆதலின் கம்பளியைக் கழற்றி வைத்துவிட்டு, கேபினட்டின் வண்ணம் பூசாத இரும்பை அவ்வப்போது தொட்டுக்கொண்டு வேலை செய்க.

இம்முறையில் தேர்ச்சி பெற மின்னியல் பட்டம் வேண்டா. ஒரு மாலை நேரமும், ஒரு தாளும், ஐயம் தோன்றியபோது கையேட்டைத் திறக்கும் பொறுமையும் போதும். வாங்குமுன் பட்டியலை மற்றொருவர் கண்ணாலும் பார்த்துக்கொள்வது நன்று. சங்கக் கூட்டம் நடக்கும் நாளில் தாளைக் கொண்டு வாருங்கள். பொருத்தம் பார்க்கத் தட்சிணை கிடையாது. விடுதித் தேநீர் ஒரு குவளை போதும்.